அருவி, மாவு, பிலிம்

ராச்செஸ்டர் நகரத்து அருவியைப் படம் எடுக்க வருபவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். அருவிக்கு எதிரே, ஆற்றுப் பள்ளத்தின் குறுக்கே போகிற பழைய இரும்புப் பாலம் அது. வண்டிகள் போவதை நிறுத்தி, நடப்பவர்களுக்கென்று விட்டிருக்கிறார்கள். பிரான்சிலுள்ள ரென் நகரத்தின் பெயரை அதற்குச் சூட்டியிருக்கிறார்கள். 2019 அக்டோபரில் நானும் அங்கேதான் போய் நின்றேன். கழுத்தில் பழைய காமிரா, உள்ளே 36 படம் எடுக்கக்கூடிய கோடக் கறுப்பு வெள்ளை பிலிம் ஒரு ரோல்.

காட்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியில், தெற்கிலிருந்து வடக்கு நோக்கிப் பாய்ந்து ஒண்டாரியோ ஏரியில் கலக்கிற ஆறு ஜெனிசீ. நகரத்தின் நட்டநடுவில் அது 96 அடி ஆழத்துக்கு விழுகிறது. அருவியின் தலைக்கு மேலேயே ரயில் பாலம். சரக்கு ரயில் போகும்போது, ரயிலுக்குக் கீழிருந்துதான் தண்ணீர் கொட்டுவதுபோலத் தெரியும். பின்னால் அலுவலகக் கட்டடங்கள். இடது கரையில் பீர் தொழிற்சாலை. வலது பக்கம் பழைய மில்களின் செங்கல் சுவர்கள், அவற்றுக்கு மேலாக 1914ல் கட்டிய கோடக் கோபுரம்.

இதில் நான் செய்த காரியம் என்ன? ரயில் போகட்டும் என்று காத்திருந்தேன். போனதும் காமிராவைச் சற்றுத் தாழ்த்தி ரயில் பாலத்தை வெட்டினேன். இடதுபுறம் நகர்ந்து செங்கல் சுவரை வெட்டினேன். லென்ஸை மாற்றி பீர் தொழிற்சாலையை வெட்டினேன். கால் மணி நேரத்தில் ஒரு நகரத்தையே துண்டு துண்டாக வெளியேற்றிவிட்டு, பாறையும் தண்ணீரும் மட்டும் இருக்கிற ஒரு 'இயற்கை'யைச் சட்டகத்துக்குள் உட்கார வைத்தேன். பக்கத்தில் செல்போனோடு நின்ற இளம் ஜோடியும் அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தராமலே எல்லோரும் ஒரேமாதிரி செய்கிற காரியங்களைத்தான் நாம் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. அந்தக் கண் எங்கே உற்பத்தியானது என்று கேட்டால், வலது பக்கம் கையை நீட்டிக் காட்டிவிடலாம்: அந்தக் கோபுரத்தில். ஆனால் அது பாதி பதில். கோபுரத்துக்கு முன்பே இந்த அருவிக்கு ஒரு கணக்குப் புத்தகம் இருக்கிறது.

பனியுகம் முடிந்தபோது பழைய பாதை அடைபட்டு, ஆறு புது வழி தேடிப் பாறையை அறுத்துக்கொண்டு போனதால் உண்டான பள்ளம் இது. நகர எல்லைக்குள் மட்டும் மூன்று அருவிகள். மேலருவியைத்தான் நான் பாலத்திலிருந்து பார்த்தேன். நடு அருவி அணைக்கட்டுக்குள் போய்விட்டது. கீழருவியில் எவ்வளவு தண்ணீர் விழ வேண்டும் என்பதைப் பெருமளவு மின்சாரக் கம்பெனிதான் தீர்மானிக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

இந்த மண் செனெகா மக்களுடையது. ஹோடனோஷோனி கூட்டமைப்பின் மேற்கு வாசலைக் காத்தவர்கள் அவர்கள். 1788ல் ஆலிவர் பெல்ப்ஸ் என்ற நில வியாபாரி அவர்களிடம் பேரம் பேச வந்தார். ஆற்றுக்குக் கிழக்கே உள்ள நிலத்தைக் கொடுக்க இணங்கிய செனெகாக்கள், மேற்கே ஓரடிகூடத் தர முடியாது என்று நின்றார்கள். பெல்ப்ஸ் அப்போது ஒரு மில்லைப் பற்றிப் பேசினார். அருவிப் பக்கம் மாவு அரைக்க ஒரு மில் கட்டலாமே, உங்கள் பெண்கள் உரலில் இடித்துக் கஷ்டப்பட வேண்டாமே என்றார். மில்லுக்குக் கொஞ்சம் இடம் வேண்டும், அவ்வளவுதான். அந்தக் 'கொஞ்சம்' ஆற்றின் மேற்குக் கரையோரமாக 12 மைல் அகலத்துக்கு, ஏறத்தாழ 2 லட்சம் ஏக்கராக முடிந்தது. மாவு மில்லுக்கு 2 லட்சம் ஏக்கர்! வாமனன் மூன்றடி கேட்ட கதை நமக்குத் தெரியும். அங்கே கடைசியில் விசுவரூபமாவது காட்டினார்கள். இங்கே பத்திரம் மட்டும்தான்.

மில் வந்தது என்னவோ உண்மை. எபனேசர் ஆலன் என்பவருக்கு, மில் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு 100 ஏக்கர் தந்தார்கள். அவர் 1789ல் ஒன்று கட்டினார். சரியாக ஓடாமல் அது பாழடைந்தது. ஆனால் இந்த 100 ஏக்கர் துண்டுதான் பிறகு நகரமாயிற்று. 1803ல் அதை வாங்கிய மூவரில் ஒருவர் நத்தேனியல் ராச்செஸ்டர். மேரிலாந்தில் அடிமைகளை வைத்திருந்தவர், அடிமை வாணிபத்திலும் கைவைத்தவர். நகரத்தின் பெயர் அவருடையது. 1815க்குப் பிறகு மேலருவிக்குச் சற்று மேலே ஆற்றைத் திருப்பி, மேற்குக் கரை விளிம்போடு ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். வாய்க்காலிலிருந்து ஒவ்வொரு மில்லும் தன் பங்குத் தண்ணீரை எடுத்து, சக்கரத்தின்மீது விட்டுப் பள்ளத்துக்குள் தள்ளும். அதாவது அருவியைச் சில்லறையாக மாற்றிவிட்டார்கள். 1825ல் ஈரி கால்வாய் முழுதாகத் திறந்ததும் மாவுப் பீப்பாய்கள் கிழக்குக் கடற்கரைக்குப் போகத் தொடங்கின. 1820ல் 1,502 பேர் இருந்த ஊரில் 1830ல் 9,207 பேர். 'மாவு நகரம்' என்ற பட்டமும் வந்தது.

இந்த இடத்தில் சாம் பேட்ச் என்கிற ஆளைச் சொல்லாமல் மேலே போகக்கூடாது. அமெரிக்கச் சிறுவர் கதைகளில் கோமாளியாக வருகிறவர். அவர் கோமாளி அல்ல, பஞ்சாலைத் தொழிலாளி. சின்னப் பையனாக ரோட் ஐலண்ட் பஞ்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர். ஆலைக்குப் பக்கத்து அருவியில் குதிப்பது அங்கே பையன்களின் விளையாட்டு. பிறகு நியூஜெர்சியில் பேட்டர்சன் ஊரில் நூற்பாளராக இருந்தபோதுதான் அவர் பெயர் அச்சில் வந்தது. அந்த ஊருக்கு நடுவிலும் ஓர் அருவி, பசாயிக். 1827ல் திமத்தி கிரேன் என்ற தொழிலதிபர் அருவிக்கு எதிர்க்கரையில், தொழிலாளர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் படுத்துக்கிடந்த இடத்தை வளைத்துப் பூங்கா ஆக்கினார். போக ஒரு பாலம், பாலத்துக்குக் கட்டணம். கண்ட கண்ட ஆட்கள் வராமல் 'ரசனை' உள்ளவர்கள் வந்து அருவியைப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தப் பாலத்தைப் பள்ளத்தின்மேல் ஏற்றிவைத்த நாளில், 1827 செப்டம்பர் 30ல், கூட்டம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, சாம் பேட்ச் பாறை விளிம்பிலிருந்து நேராகக் கீழே குதித்தார். கிரேன் நடத்த வந்த விழா பேட்ச்சின் விழாவாகிவிட்டது.

இதை வெறும் சாகசம் என்று வாசிப்பது மேல்தட்டு வாசிப்பு. காட்சிக்கு வேலி போடும்போது, உடலைத் தவிர வேறெதுவும் இல்லாதவன் அந்த உடலையே காட்சிக்குள் எறிகிறான். கிரேனின் பூங்காவிலிருந்து அருவியைப் பார்க்கத்தான் முடியும். அதற்குள் இருக்க முடியாது. பேட்ச் அதற்குள் இருந்தார்.

ஆனால் எதிர்ப்பையும் விலைபேசுகிற சந்தை ஒன்று உண்டல்லவா? 1829 அக்டோபரில் அவரை நயாகராவுக்குக் குதிக்க அழைத்தார்கள். குதித்துப் பிழைத்தார். அடுத்து ராச்செஸ்டர். நவம்பர் 6ல் நான் படம் எடுத்த இதே அருவியில் குதித்தார், மேலே வந்தார். வசூல் போதவில்லை. ஒரு வாரம் கழித்து, நவம்பர் 13 வெள்ளிக்கிழமை, விளிம்பில் 25 அடி உயர மேடை போட்டு, 'கடைசிக் குதிப்பு' என்று நோட்டீஸ் அடித்தார்கள். இரு கரையிலும் ஆயிரக்கணக்கில் கூட்டம். மேடையிலிருந்து கிளம்பும்போது அம்புபோல இருந்த உடல் பாதியில் குலைந்தது, பக்கவாட்டில் அடித்தது. மேலே வரவேயில்லை. அடுத்த மார்ச்சில் ஆற்றின் முகத்துவாரத்தில் பனிக்கட்டிக்குள் பிணம் கிடைத்தது. நோட்டீஸ் பலித்துவிட்டது.

பேட்ச்சுக்குப் படம் கிடையாது. போட்டோ என்கிற சமாச்சாரம் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது 10 வருடம் கழித்து, 1839ல்.

படமே எடுக்காத இன்னொரு காட்சியும் இந்தப் பள்ளத்தில் உண்டு. அதற்குக் காரணம் வேறு. அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸ் 1847ல் இந்த ஊருக்கு வந்து பத்திரிகை தொடங்கினார். 1872ல் வீடு தீப்பிடித்து எரியும்வரை இங்கேதான் குடும்பத்தோடு இருந்தார். கீழருவிக்குச் சற்றுக் கீழே, ஏரியிலிருந்து நீராவிப் படகுகள் உள்ளே வரக்கூடிய கடைசி இடமாக ஒரு படகுத்துறை இருந்தது. அருவி இருப்பதால் படகு அதற்குமேல் வர முடியாது. பள்ளம் ஆழமாக இருப்பதால் ஊரிலிருந்து பார்த்தால் துறை தெரியாது. ஏரியைத் தாண்டினால் கனடா. 1850ல் தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்கும் சட்டம் வந்தபின், இந்த மறைவுக்கு உயிரின் விலை கூடியது.

1851 செப்டம்பரில் பென்சில்வேனியாவில் கிறிஸ்டியானா என்னும் ஊரில், தன் அடிமைகளைப் பிடித்துப்போக வந்த எஜமானன் ஒருவன் கறுப்பர்களின் எதிர்ப்பில் கொல்லப்பட்டான். அதற்குத் தலைமை தாங்கிய வில்லியம் பார்க்கரும் கூட்டாளிகள் இருவரும் ஓடிவந்து டக்ளஸ் வீட்டில் ஒதுங்கினார்கள். துரத்துகிறவர்கள் எந்நேரமும் வந்துவிடலாம். இருட்டியதும் டக்ளஸ் அவர்களை வண்டியில் ஏற்றிப் பள்ளத்துக்குள் இறக்கிப் படகேற்றினார். படகு கிளம்பும்வரை கூடவே இருந்தார். கைகுலுக்கும்போது பார்க்கர், அந்த எஜமானனின் கையிலிருந்து விழுந்த துப்பாக்கியை நினைவாக அவரிடம் கொடுத்தார். டக்ளஸ் தன் வரலாற்றில் எழுதியிருப்பதால்தான் இது நமக்குத் தெரிகிறது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் மிக அதிகமாகப் படம் எடுக்கப்பட்ட அமெரிக்கர் இந்த டக்ளஸ்தான். 160 அளவில் அவர் படங்கள் கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன. தற்செயலாக அல்ல. ஓவியன் கையில் கறுப்பு முகம் எப்போதும் கேலிச்சித்திரமாகிவிடுகிறது, காமிரா அப்படிச் செய்யாது என்று அவர் நம்பினார். 1861ல் படங்களைப் பற்றியே சொற்பொழிவு ஆற்றினார். தன் முகத்தைத் தானே முன்வைப்பது அவருக்கு அரசியல். அதே மனிதர் இரவில் பள்ளத்துக்குள் இறங்கும்போது எந்தக் கண்ணும் பார்க்கக் கூடாது. வெளிச்சத்தில் நிற்கவும் இருட்டில் மறையவும், இரண்டுக்கும் சேர்த்துத்தான் அவர் போராடினார். பிம்பம் என்றாலே அதிகாரம், பார்வை என்றாலே கண்காணிப்பு என்று ஃபூக்கோவைக் கரைத்துக் குடித்துவிட்டு ஒரேயடியாகச் சொல்லிவிடுகிற நம் நண்பர்கள் டக்ளஸை எங்கே வைப்பார்கள்? யார் யாரைப் பார்க்கிறார்கள், எப்போது பார்க்க மறுக்கிறார்கள் என்பதைத் தனித்தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

சரி, கோபுரத்துக்கு வருவோம். கோடக் அருவியால் வந்ததல்ல. ஜார்ஜ் ஈஸ்ட்மன் இந்த ஊர் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவர், அதனால் கம்பெனி இங்கே பிறந்தது. அதற்குள் மாவு மேற்கே போய்விட்டது. ஆனால் அந்த மாவு வளர்த்த ஊர் இருந்தது, இயந்திரம் தெரிந்த கைகள் இருந்தன, லென்ஸ் செய்கிற பாஷ் அண்ட் லோம்ப் 1853லேயே வந்திருந்தது. ஈஸ்ட்மன் 1880ல் உலர் தட்டுகளில் தொடங்கினார். 1888ல் 'கோடக்' என்ற பெட்டி வந்தது. விலை 25 டாலர், உள்ளே 100 படங்களுக்கான சுருள். எடுத்து முடித்ததும் பெட்டியை அப்படியே ராச்செஸ்டருக்குப் பார்சல் அனுப்ப வேண்டும். கழுவி, அச்சடித்து, புதுச் சுருள் போட்டு 10 டாலருக்குத் திருப்பி அனுப்புவார்கள். பொத்தானை அமுக்குவது மட்டும் உங்கள் வேலை. அருவி, மலை, கடற்கரை என்று உலகம் முழுக்க எடுத்ததெல்லாம் இந்த ஊருக்கு வந்து படமாகித் திரும்பிப் போயின. 1900ல் 1 டாலர் பிரவுனி வந்தபிறகு குழந்தைகளும் அமுக்கத் தொடங்கினார்கள். உழைப்பு ஓரிடம், பார்வை ஓரிடம் என்று பிரித்துவைத்த ஏற்பாடு இது. பாலத்தில் நான் செங்கல் சுவரை வெட்டினேனே, அதற்கான பயிற்சி அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தது.

பிலிம் என்பது என்ன? செல்லுலாய்ட் காலத்தில் அடிப்பாகம் பருத்தி. அதன்மேல் வெள்ளி உப்பு. வெள்ளியை ஒட்டவைக்க மாட்டெலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் காய்ச்சிய ஜெலட்டின். 1920களில் கோடக்கின் ஆய்வுக்கூடத்தில் ஒன்று கண்டுபிடித்தார்கள்: சில ஜெலட்டினில் படம் நன்றாக விழுவதற்குக் காரணம் மாடு தின்ற கடுகினச் செடியிலிருந்து வந்த கந்தகம். பூஜை அறையில் பொட்டு வைத்து மாட்டியிருக்கிற தாத்தா படம் மாட்டெலும்பில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை, சைவ வீட்டு வாசகர்கள் மன்னிக்கட்டும், சொல்லித்தான் ஆகவேண்டும்.

பள்ளத்தின் மேற்கு விளிம்புக்கு மேலே 1890களில் எழுந்தது கோடக் பார்க் தொழிற்சாலை. அதன் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருந்தது. அருவியைப் படமெடுக்கிற பிலிமைச் செய்த கழிவு, வெள்ளியும் கரைப்பான்களுமாக, அதே ஆற்றில் அருவிகளுக்குக் கீழே போய்ச் சேர்ந்தது. தொழிற்சாலைக்கு அடுத்த குடியிருப்புகளில் நிலத்தடி நீர் கெட்டுப்போன விவகாரம் வெளிவந்து, 1990ல் கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டு 20 லட்சம் டாலருக்கு மேல் அபராதம் கட்டியது. 2012 ஜனவரியில் திவால் மனு. 2014ல் தொழிற்சாலை நிலத்தையும் ஆற்றையும் சுத்தம் செய்ய 4 கோடியே 90 லட்சம் டாலர் ஒதுக்கிவிட்டு, அந்தப் பொறுப்பிலிருந்து பெருமளவு விலகிக்கொண்டது.

யாருக்கு வேலை கிடைத்தது என்பது இன்னொரு கணக்கு. 1964 ஜூலையில் ராச்செஸ்டரின் கறுப்பர் பகுதிகள் வெடித்தன. தேசியக் காவல்படை இறங்கியது. அடுத்த வருடம் அமைந்த ஃபைட் என்ற அமைப்பு கோடக்கிடம் போய் வேலை கேட்டது. 1966 டிசம்பரில் 600 பேருக்கு வேலை என்று கம்பெனி அதிகாரி ஒருவர் கையெழுத்துப் போட்டார். இரண்டே நாளில் நிர்வாகம் அந்தக் கையெழுத்து செல்லாது என்றது. பிறகு 1967ல் ஒரு சமரசம் ஏற்பட்டது. இதே காலத்தில் கலர் பிலிமின் நிறச் சமன் பார்க்க, கம்பெனி ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை அளவுகோலாகக் கடைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. 'ஷர்லி அட்டை' என்று பெயர். அவள் தோல் சரியாக வந்தால் பிலிம் சரி. கறுத்த முகம் நிழலில் கரைந்துபோனால் அது முகத்தின் குற்றம். பிற்பாடு பழுப்பு நிறங்கள் தெளிவாக விழும்படி பிலிமைத் திருத்தத் தூண்டியவர்களில் சாக்லேட் கம்பெனிக்காரர்களும் மரச்சாமான் வியாபாரிகளும் இருந்தார்கள் என்று கோடக்கில் இருந்தவர்களே சொல்லிப் பதிவாகியிருக்கிறது. மேசைக்குக் கிடைத்த நியாயம்! நம்மூர் ஸ்டுடியோக்களில் பவுடர் அப்பி, 'லைட்டப் பாத்து நில்லும்மா' என்று நம் அக்காக்களின் கன்னத்தை நிமிர்த்திவிட்டதெல்லாம் இந்த அட்டையோடு சேர்த்து யோசிக்க வேண்டியது. காமிரா கேலி செய்யாது என்று டக்ளஸ் நம்பிய ஊரிலிருந்துதான் அந்த அட்டை வந்தது.

2007ல் கோடக் பார்க்கின் கட்டடங்கள் சிலவற்றை வெடிவைத்துத் தகர்த்தபோது ஊரே திரண்டு போய்ப் பார்த்தது, டிஜிட்டல் காமிராக்களோடு. ராபர்ட் பர்லி என்ற கனடாக்காரர் அந்தக் கூட்டத்தையும் சேர்த்துப் படம் எடுத்து வைத்திருக்கிறார். 1982ல் அந்த ஊரில் 60,400 பேருக்குச் சம்பளம் கொடுத்த கம்பெனி அது. 1829ல் இரு கரையிலும் நின்ற கூட்டம் எனக்கு ஞாபகம் வந்தது. 2022ல் மேலருவியைச் சுற்றி மாநிலப் பூங்கா அமைக்கப்போவதாக அறிவித்தார்கள். மில் வாய்க்கால், எரிவாயு எச்சம், 1999வரை ஓடிய நிலக்கரி மின்நிலையம் எல்லாவற்றையும் தாண்டி இப்போது 'இயற்கை'யின் முறை.

அன்று மாலை கீழருவிக்கு நடந்தேன். பாலத்திலேயே 22 படங்களைச் செலவழித்துவிட்டிருந்தேன். செங்குத்தான சரிவில் இறங்கும்போது காலுக்கு அடியில் சிவந்த மணற்பாறை பொடிப்பொடியாக உதிர்கிறது. ஊர்ச் சத்தம் நின்றுவிடுகிறது. மேலே 2 லட்சம் பேர் வாழ்கிற நகரம் இருக்கிறது என்று அங்கே யாரும் நம்பமாட்டார்கள். டக்ளஸின் படகுத்துறை இருந்த பக்கம் மரங்களும் சேறும்தான். அக்டோபரில் ஏரியிலிருந்து சால்மன் மீன்கள் ஏறி வரும். இடுப்பளவு தண்ணீரில் தூண்டிலோடு ஏழெட்டுப் பேர் நின்றார்கள். வயதான கறுப்பர் ஒருவர் கரையில் உட்கார்ந்து நூலில் விழுந்த சிக்கை எடுத்துக்கொண்டிருந்தார். அருவியில் தண்ணீரே காணோமே என்றேன்.

'தண்ணியா? அது மேலேயே குழாய்க்குள்ள போயிடும். அதோ அந்தக் கட்டடம் வழியா வரும், பாரு' என்று மின்நிலையத்தைக் காட்டினார். 'அருவியைப் படம் எடுக்கணும்னா வசந்த காலத்துல வா. மீன் புடிக்கணும்னா இப்பத்தான்.'

இரண்டு படங்கள் எடுத்தேன். ஒளிமானியின் முள் அதற்குள் அசைய மறுத்துவிட்டது. காமிராவைப் பையில் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருட்டும்வரை அவர் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்.